உலக சுகாதார ராஜதந்திரப் பணிக்குத் தயாராவது எப்படி? தில்லியில் இருந்தபடி ஓராண்டுப் பயிற்சி

மருத்துவம், சட்டம், மருந்தியல், பொதுச் சுகாதாரம் என்று ஏதோ ஒன்றைப் படித்துவிட்டுத் தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்கு வரும் இளைஞர்கள் பலருக்கு உலக சுகாதார ராஜதந்திரத்தில் ஆர்வம் இருக்கிறது. நோய்த்தடுப்பு விதிகளையும் மருந்து கிடைக்கும் வழிகளையும் நாடுகள் கூடிப் பேசி முடிவு செய்யும் இடத்தில் வேலை பார்க்க வேண்டும் என்பது நல்ல ஆசை. எடுத்த எடுப்பில் அவர்கள் கேட்பது, “எந்தச் சான்றிதழ் படிப்பில் சேரலாம்?” என்பதுதான். இந்தக் கட்டுரையில் அதற்கான பதில் ஒன்பதாவது படியில்தான் வருகிறது.

காரணம் இருக்கிறது. பேச்சுவார்த்தை அறையில் மதிப்புப் பெறுவது வாசகத்தைக் கையாளும் திறமை. வரைவில் உள்ள ஒரு சொல் யாருக்குச் சாதகம், அதை மாற்ற யாருடைய ஒப்புதல் வேண்டும், மாற்றினால் மயிலாடுதுறை மருந்துக் கடையில் என்ன மாறும் என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் தூதுக்குழுக்களும் ஆய்வு நிறுவனங்களும் தேடுகின்றன. வகுப்பில் அதில் பாதி வரும். மீதி, ஒரே விவகாரத்தை ஓராண்டு விடாமல் பின்தொடர்ந்தால்தான் வரும்.

படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். மாதிரிப் பேச்சுவார்த்தையில் முதலில் குதித்து, பிறகு ஆவணம் படிக்கப் போனவர்கள் நன்றாகப் பேசக் கற்றுக்கொள்கிறார்கள். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைக் கற்பதில்லை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, ஒரு துறையில் உறுதியான அடித்தளம். தூதுக்குழுவில் ஒருவருக்கு இடம் கிடைப்பது அவருக்குத் தடுப்பூசி தெரியும், காப்புரிமைச் சட்டம் தெரியும், நோய்க் கண்காணிப்பு தெரியும் என்பதால்தான். பொதுவாக ராஜதந்திரம் தெரியும் என்பவருக்கு அங்கே வேலை இல்லை. தமிழ்நாட்டின் பொதுச் சுகாதார இயக்ககத்தில் பணிபுரிந்தவர்கள் இந்த வகையில் பலமான இடத்தில் இருக்கிறார்கள். பொதுச் சுகாதாரத்துக்கென்றே தனி அலுவலர் அணியும் 1939-ஆம் ஆண்டு முதல் ஒரு சட்டமும் உள்ள மாநிலம் அது. மாவட்டத்தில் டெங்குக் கண்காணிப்பு நடத்தியவர், உலக விதி ஒன்று களத்தில் எப்படிச் செயல்படும் என்பதை யாருக்கும் சொல்லிக் கொடுக்க முடியும்.

இரண்டாவது, ஆங்கிலத்தில் சட்ட வாசகத்தைப் படிக்கும் பொறுமை. பேச்சு ஆங்கிலம் சரளமாக இருப்பது வேறு, நாற்பது பக்க வரைவில் ஒரு காற்புள்ளி இடம் மாறியதைக் கண்டுபிடிப்பது வேறு. பிரெஞ்சு மொழி பிற்பாடு உதவும். முதல் ஆண்டில் அதற்கு நேரம் ஒதுக்க வேண்டாம். தில்லி அலுவலகங்களில் நாலு பேரிடம் விவரம் கேட்டு வாங்குமளவுக்கு இந்தி பேசக் கற்றுக்கொண்டால் போதும்.

மூன்றாவது, வாரம் ஆறேழு மணி நேரம். வேலைக்குப் போகிறவர்களும் இதை ஒதுக்க முடியும். நவம்பர் அல்லது டிசம்பரில் தொடங்குவது நல்லது. ஏன் என்பது மூன்றாவது படியில் தெரியும்.

2. ஒரே ஒரு விவகாரத்தைத் தேர்ந்தெடுங்கள்

புதியவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இது. பெருந்தொற்று, பருவநிலை, மனநலம், புகையிலை, மருந்து விலை என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடர்கிறார்கள். ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றிலும் செய்தித்தாள் அளவுக்குத்தான் தெரிந்திருக்கிறது.

ஒன்றைத் தேர்ந்தெடுக்க மூன்று அளவுகோல்களை வைத்துக்கொள்ளுங்கள். அதில் பேச்சுவார்த்தை இன்னும் நடந்துகொண்டிருக்க வேண்டும். இந்தியாவுக்கு அதில் வெளிப்படையான நலன் இருக்க வேண்டும். உங்கள் படிப்பு அதில் எங்காவது ஒட்ட வேண்டும்.

மூன்றுக்கும் பொருந்தும் ஓர் உதாரணம், பெருந்தொற்று உடன்படிக்கையின் கிருமி மாதிரிப் பகிர்வு ஏற்பாடு. 2025 மே 20 அன்று, உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் 78-ஆவது உலக சுகாதாரப் பேரவை அந்த உடன்படிக்கையை ஏற்றது. முந்தைய நாள் குழுவில் நடந்த வாக்கெடுப்பில் ஆதரவு 124, எதிர்ப்பு இல்லை, வாக்களிக்காமல் ஒதுங்கியவை 11 நாடுகள். ஆனால் கிருமி மாதிரிகளையும் மரபணு வரிசைத் தகவலையும் எப்படிப் பகிர்வது, அதற்குக் கைமாறாகக் கிடைக்கும் பயனை எப்படிப் பங்கிடுவது என்ற 12-ஆவது பிரிவின் விவரங்களைத் தனி இணைப்பாகப் பிறகு எழுதுவது என்று தள்ளி வைத்தார்கள். இணைப்பு ஏற்கப்பட்ட பிறகுதான் உடன்படிக்கை கையொப்பத்துக்குத் திறக்கும். 60 நாடுகள் உறுதி செய்தால்தான் நடைமுறைக்கு வரும்.

இந்த ஒரு விவகாரத்துக்குள் நுண்ணுயிரியல், வணிகச் சட்டம், பல்லுயிர்ச் சட்டம், மருந்து உற்பத்தி எல்லாம் இருக்கின்றன. இந்தியாவின் தேசியப் பல்லுயிர் ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தில் பரிச்சயமுள்ள ஒரு சென்னை வழக்கறிஞருக்கு இங்கே பேச விஷயம் இருக்கிறது.

3. ஆவணங்களை அவை வெளிவரும் வரிசையில் படியுங்கள்

உலக சுகாதார நிறுவனத்தின் ஆண்டு ஜனவரி இறுதி அல்லது பிப்ரவரியில் 34 உறுப்பினர் கொண்ட செயற்குழுக் கூட்டத்தோடு சூடு பிடிக்கிறது. மே மாதம் ஜெனீவாவில் பேரவை கூடும். செப்டம்பர், அக்டோபர் வாக்கில் மண்டலக் குழுக்கள் கூடும். நம் மண்டலமான தென்கிழக்கு ஆசியாவின் தலைமை அலுவலகம் தில்லியிலேயே இருக்கிறது. செயற்குழுவுக்கு வரும் வரைவுதான் பெரும்பாலும் மேயில் பேரவைக்குப் போகிறது. நவம்பரில் தொடங்கச் சொன்னது இதனால்தான்: முதல் வரைவிலிருந்தே பிடித்துக்கொண்டால் ஒவ்வொரு மாற்றத்தையும் நீங்களே கண்ணால் பார்க்கலாம்.

ஆவண எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதித் தேடல் மிச்சம். ‘ஈபி’ என்று தொடங்கினால் செயற்குழு ஆவணம், ‘ஏ’ என்று தொடங்கினால் பேரவை ஆவணம். அடுத்து வரும் எண் எத்தனையாவது கூட்டம் என்பதைச் சொல்கிறது. ‘கான்ஃப்’ என்று இருந்தால் தீர்மான வரைவு. ‘ரெவ்’ திருத்திய வடிவம், ‘ஆட்’ கூடுதல் பகுதி, ‘இன்ஃப்’ தகவலுக்கு மட்டும். தீர்மான வரைவோடு வரும் செலவுக் கணக்கு ஆவணத்தைப் பெரும்பாலோர் திறப்பதே இல்லை. அதைத் திறந்து பாருங்கள். பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லப்படாத தீர்மானம் பெரும்பாலும் காகிதத்தோடு நின்றுவிடும்.

இனி வேலை. ஒரு பெரிய அட்டவணை போடுங்கள். இடது ஓரத்தில் பத்தி எண். வலப்பக்கம் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு நெடுவரிசை: டிசம்பர் வரைவு, செயற்குழு வரைவு, மே மாத வரைவு, இறுதித் தீர்மானம். மாறிய சொற்களை மட்டும் சிவப்பில் எழுதுங்கள். கடைசி நெடுவரிசையில், இந்த மாற்றத்தைக் கேட்டது யார் என்று குறியுங்கள். பேரவையின் அமர்வுகள் இணையத்தில் ஒளிபரப்பாகின்றன. நாடுகளின் உரைகளைக் கேட்டால் பெரும்பாலும் யார் என்று புரிந்துவிடும். அலுப்பூட்டும் வேலைதான். ஆனால் இந்த அட்டவணையை ஒரு சுற்று முழுக்கப் போட்டு முடித்தவரையும் போடாதவரையும் ஐந்து நிமிடப் பேச்சில் பிரித்து அடையாளம் காண முடிகிறது.

எந்த எண்ணிக்கையையும் பழைய கையேட்டிலிருந்து எடுக்காதீர்கள். தென்கிழக்கு ஆசிய மண்டலத்தில் 11 நாடுகள் என்று இன்னமும் பலர் எழுதுகிறார்கள். 2025 மே மாதப் பேரவையின் ஒப்புதலோடு இந்தோனேசியா மேற்கு பசிபிக் மண்டலத்துக்கு மாறிவிட்டது, இப்போது 10. இவ்வளவு அடிப்படையான தகவல் தவறினால், உங்கள் குறிப்பைப் படிக்கும் அதிகாரி மீதியையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

4. எது கட்டுப்படுத்தும், எது கட்டுப்படுத்தாது என்று பிரியுங்கள்

உலக சுகாதார நிறுவனத்தின் அமைப்புச் சாசனத்தில் மூன்று பிரிவுகளைப் படித்துவிடுங்கள். 19-ஆவது பிரிவின் கீழ் உடன்படிக்கை செய்யலாம். ஒவ்வொரு நாடும் தன் முறைப்படி உறுதி செய்தால்தான் அது அந்த நாட்டைக் கட்டுப்படுத்தும். 2003-இல் ஏற்கப்பட்டு 2005-இல் நடைமுறைக்கு வந்த புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை இந்த வகை. 21-ஆவது பிரிவின் கீழ் வரும் ஒழுங்குவிதிகள் நேர்மாறான வழியில் இயங்குகின்றன: குறித்த காலத்துக்குள் மறுக்காத நாடுகள் எல்லாம் கட்டுப்பட்டவை. சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகள் அப்படி வந்தவைதான். 2005-இல் ஏற்று 2007-இல் நடைமுறைக்கு வந்தன. 2024-இல் செய்த திருத்தங்கள் 2025 செப்டம்பர் 19 முதல் அமலில் உள்ளன. 23-ஆவது பிரிவு வெறும் பரிந்துரைகளுக்கானது. பேரவைத் தீர்மானங்களில் பெரும்பாலானவை இந்தக் கடைசி வகை.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. ஆப்பிரிக்க நாட்டுக்குப் போய்வந்த யாரிடமாவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அந்த மஞ்சள் அட்டையின் வடிவமே ஒழுங்குவிதிகளின் இணைப்பில் வரையறுக்கப்பட்டது. தடுப்பூசி போட்ட பத்தாம் நாளிலிருந்து அது செல்லும். முன்பு பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் போட வேண்டியிருந்தது; 2016 ஜூலை 11 முதல் ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுவதும் செல்லும் என்று இணைப்பைத் திருத்தினார்கள். நோய் உள்ள நாட்டிலிருந்து அட்டை இல்லாமல் தில்லி விமான நிலையத்தில் இறங்குபவரை ஆறு நாள் வரை தனிமைப்படுத்த முடியும். ஜெனீவாவில் மாற்றிய ஒரு வரி இங்கே ஒரு பயணியின் ஆறு நாளைத் தீர்மானிக்கிறது. புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்த அட்டையைத்தான். உலக சட்டம் எங்கோ இருக்கிறது என்ற எண்ணம் அங்கேயே போய்விடும்.

பயிற்சியாக, ஒழுங்குவிதிகளின் இரண்டாவது இணைப்பில் உள்ள முடிவெடுக்கும் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நான்கு கேள்விகள்: பாதிப்பு கடுமையானதா, வழக்கத்துக்கு மாறானதா, நாடு கடந்து பரவும் அபாயம் உண்டா, பயணத்துக்கோ வணிகத்துக்கோ தடை வரும் அபாயம் உண்டா. இரண்டுக்கு ‘ஆம்’ என்றால் மதிப்பீடு முடிந்த 24 மணி நேரத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். இந்தியாவில் அப்படி அறிவிக்கும் தொடர்பு மையம் தில்லி சாம்நாத் மார்கில் உள்ள தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம். பழைய செய்தி ஒன்றை எடுத்து, கேரளத்து நிபா என்று வைத்துக்கொள்வோம், நான்கு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் எழுதுங்கள். நான்காவது கேள்விக்கு வரும்போது நோயியல் எங்கே முடிந்து ராஜதந்திரம் எங்கே தொடங்குகிறது என்பது தானே புலப்படும்.

5. இந்தியாவின் நிலைப்பாடு தில்லியில் எங்கே உருவாகிறது என்று வரைபடம் போடுங்கள்

தில்லியில் இருப்பதன் முழுப் பயனும் இந்தப் படியில்தான் இருக்கிறது. வருபவர்களில் பெரும்பாலோர் கண் முழுவதும் ஜெனீவா மீது. ஆனால் ஜெனீவாவில் இந்தியப் பிரதிநிதி படிக்கும் வரி, அதற்குப் பல வாரங்கள் முன்பே தில்லியில் நாலைந்து அமைச்சகங்கள் சண்டை போட்டு ஒப்புக்கொண்ட வரி.

உங்கள் விவகாரத்தை நடுவில் எழுதி, சுற்றிலும் தொடர்புடைய துறைகளை எழுதுங்கள். சுகாதார அமைச்சகமும் வெளியுறவு அமைச்சகமும் எப்போதும் இருக்கும். மருந்துக் காப்புரிமை என்றால் வணிக அமைச்சகத்தின் கீழ் இரண்டு துறைகள் வரும். மருந்து உற்பத்தி என்றால் ரசாயன, உர அமைச்சகத்தின் மருந்தியல் துறை. கிருமி மாதிரி என்றால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சுற்றுச்சூழல் அமைச்சகமும். நுண்ணுயிர் எதிர்ப்பு, அதாவது மருந்துக்குக் கிருமிகள் பணியாமல் போவது, என்றால் கால்நடைத் துறை வராமல் முடியாது.

ஒவ்வொரு துறைக்கும் அடியில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: இவர்கள் எதை விட்டுக் கொடுக்கவே மாட்டார்கள்? புகையிலையை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். சுகாதார அமைச்சகம் 2016 ஏப்ரலில் பாக்கெட்டின் 85 விழுக்காட்டுப் பரப்பில் எச்சரிக்கைப் படம் கட்டாயம் என்று கொண்டுவந்தது. அதே ஆண்டு நவம்பரில் புகையிலை உடன்படிக்கையின் ஏழாவது மாநாடு இங்கே பக்கத்தில், கிரேட்டர் நொய்டாவில் நடந்தது. ஆனால் குண்டூரில் தலைமையகம் உள்ள புகையிலை வாரியம் வணிக அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. அது பார்ப்பது விவசாயியின் விலையையும் ஏற்றுமதியையும். ஒரே அரசுக்குள் இரண்டு கடமைகள். இந்தியா ஓர் இடத்தில் உறுதியாகப் பேசி வேறோர் இடத்தில் அடக்கி வாசித்தால், காரணம் பெரும்பாலும் இந்த வரைபடத்தில் கிடைக்கும்.

ஜெனீவாவில் இந்தியாவுக்கு இரண்டு நிரந்தரத் தூதுக்குழுக்கள் உண்டு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஐ.நா. அமைப்புகளுக்கு ஒன்று, உலக வர்த்தக அமைப்புக்கு ஒன்று. பெருந்தொற்றுக் காலத்தில் 2020 அக்டோபர் 2 அன்று இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் அறிவுசார் சொத்துரிமைக்குத் தற்காலிக விலக்குக் கேட்டது இரண்டாவது வழியில். சுகாதாரச் செய்திகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு 2022 ஜூனில் வந்த முடிவு ஏன் அவ்வளவு சுருங்கிப்போனது என்றே புரியவில்லை. அந்தப் பேரம் மீன்பிடி மானியம், உணவு ஏற்றுமதி போன்றவற்றோடு ஒரே கூட்டத்தில் நடந்தது.

தகவல் எங்கே கிடைக்கும்? மக்களவை, மாநிலங்களவைக் கேள்வி-பதில்களைத் தேடுங்கள். அமைச்சர் எழுத்தில் தந்த பதில் என்பதால் அதுதான் அதிகாரபூர்வ நிலைப்பாட்டுக்கு நம்பகமான மூலம். பத்திரிகைத் தகவல் அலுவலக அறிக்கைகளும் நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கைகளும் அடுத்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுப் போட்டுக் காத்திருந்து பல மாதங்களை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டு உறவைப் பாதிக்கும் தகவலைத் தர மறுக்க 8-ஆவது பிரிவில் இடமிருக்கிறது. நடந்துகொண்டிருக்கும் பேச்சுவார்த்தையில் அதை நம்பி உட்கார வேண்டாம்.

6. வாசகத்தைக் கையாளப் பழகுங்கள்

எல்லாப் படிகளிலும் இதுதான் நீளமானது. மூன்று மாதம் கொடுங்கள்.

தீர்மானத்துக்கு இரண்டு பகுதிகள். முகப்புரைப் பத்திகள் பின்னணியைச் சொல்லும். செயல்பத்திகள் யார் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும். ஒப்புக்கொள்ளாத சொற்கள் சதுர அடைப்புக்குறிக்குள் நிற்கும். பெருந்தொற்று உடன்படிக்கை வரைவுகளில் முழுவதும் ஒப்புக்கொண்ட வாசகத்துக்குப் பச்சை நிறமும், கருத்தளவில் ஒப்புக்கொண்டு சொற்கள் முடிவாகாததற்கு மஞ்சள் நிறமும் பூசினார்கள். அந்தப் பழைய வரைவுகளை எடுத்து வைத்துக்கொண்டு எது எப்போது பச்சையானது என்று பாருங்கள்.

வினைச்சொல்லில்தான் பலம் இருக்கிறது. ஆங்கில வாசகத்தில் ‘ஷல்’ என்றால் கடமை, ‘ஷுட்’ என்றால் அறிவுரை, ‘மே’ என்றால் விருப்பம். ஆனால் புதியவர்கள் இதோடு நின்றுவிடுகிறார்கள். ‘ஷல்’ என்று வலுவாக வைத்துவிட்டு, பின்னால் சேர்க்கும் தொடரால் அதை வெறுமையாக்க முடியும். இதைக் கற்க ஒரே வழி, ஒரு வாக்கியத்தை எடுத்து வைத்துக்கொண்டு கூட்டுவதும் கழிப்பதும்.

தொடக்க வாக்கியம் இப்படி இருக்கட்டும்: “ஒவ்வொரு நாடும் பெருந்தொற்றுக்கான மருந்துகளின் தொழில்நுட்பத்தைப் பகிர வேண்டும்.” முதலில் ‘பகிர்வதை ஊக்குவிக்க வேண்டும்’ என்று மாற்றுங்கள். கடமை இன்னும் இருக்கிறது. ஆனால் பகிரும் கடமை போய் ஊக்குவிக்கும் கடமை ஆகிவிட்டது. ஒரு சுற்றறிக்கை அனுப்பினால்கூட ஊக்குவித்ததாகச் சொல்லலாம். அடுத்து ‘இயன்ற இடங்களில்’ சேருங்கள். இயலுமா என்று தீர்மானிப்பது அந்த நாடே. பிறகு ‘உள்நாட்டுச் சட்டத்துக்கு இணங்க’. கடைசியாக ‘தன்னார்வ அடிப்படையில்’. இப்போது முழு வாக்கியத்தையும் படியுங்கள். மருந்து நிறுவனம் விரும்பினால் தரும், விரும்பாவிட்டால் அரசு ஒன்றும் செய்யாது என்பதுதான் மிச்சம்.

அந்தக் கடைசித் தொடரை இந்தியா போன்ற நாடுகள் ஏன் எதிர்க்கின்றன? நம் காப்புரிமைச் சட்டத்தில் கட்டாய உரிமம் தர, அதாவது காப்புரிமை வைத்திருக்கும் நிறுவனத்தின் சம்மதம் இல்லாமலே மருந்தைத் தயாரிக்க வேறொருவருக்கு அனுமதி தர, வழி இருக்கிறது. 2012 மார்ச்சில் சிறுநீரக, கல்லீரல் புற்றுநோய்க்கான சோராஃபெனிப் மருந்துக்கு அப்படி உரிமம் தந்தபோது, மாதச் செலவு சுமார் 2,80,000 ரூபாயிலிருந்து 9,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. அந்த உரிமம் நிறுவனத்தின் விருப்பத்தின் பேரில் வந்ததல்ல. ‘தன்னார்வம்’ என்ற சொல் உலக உடன்படிக்கையில் பதிந்துவிட்டால், அடுத்த முறை இப்படி உரிமம் தரும்போது அதைக் காட்டி வாதாட இடம் உண்டாகும். பெருந்தொற்று உடன்படிக்கையில் இந்தச் சிக்கல் கடைசி நாட்கள் வரை இழுத்தது. ‘பரஸ்பரம் ஒப்புக்கொண்டபடி’ என்ற தொடரும் அதற்கொரு அடிக்குறிப்பும் வைத்துத்தான் முடித்தார்கள். உடன்படிக்கை வாசகத்தில் அடிக்குறிப்பைத் தாண்டிப் போகாதீர்கள்.

வாரம் ஒரு பத்தி எடுத்து மூன்று வடிவம் எழுதுங்கள்: இந்தியா கேட்பது, எதிர்த்தரப்பு கேட்பது, இருவரும் கையெழுத்திடக்கூடியது. மூன்றாவதை எழுதும்போது புதியவர்கள் இரண்டின் சராசரியை எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் இருவருக்குமே அது உதவாது. ஒருவருக்கு முக்கியமானதை வினைச்சொல்லிலும் மற்றவருக்கு முக்கியமானதை நிபந்தனையிலும் வைக்க முடியுமா என்று பாருங்கள். ஏற்கெனவே எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்ட பழைய ஆவணத்தில் தகுந்த சொற்றொடர் இருந்தால் அதையே எடுத்தாளுங்கள். மருந்துக் காப்புரிமையையும் பொதுச் சுகாதாரத்தையும் பற்றி உலக வர்த்தக அமைப்பு நாடுகள் ஏற்ற 2001-ஆம் ஆண்டு தோஹா பிரகடனத்தின் வரிகள் இன்றும் மீண்டும் மீண்டும் வருவது இதனால்தான்: முன்பு ஒப்புக்கொண்டதை இப்போது மறுப்பது யாருக்கும் கடினம்.

7. மாதிரிப் பேச்சுவார்த்தை நடத்துங்கள்

பத்துப் பன்னிரண்டு பேர் போதும். ஆர்.கே. புரம், முனீர்க்கா பக்கம் தமிழ் மாணவர்களும் இளம் மருத்துவர்களும் ஞாயிற்றுக்கிழமை கூடுவது எளிது. பெரிய மேசை உள்ள ஓர் அறையும் திரையில் வரைவைக் காட்ட ஒரு மடிக்கணினியும் இருந்தால் ஆயிற்று.

ஒவ்வொருவருக்கும் முந்தைய வாரமே ஒரு பக்க அறிவுறுத்தல் கொடுங்கள். அதில் மூன்று விஷயம்: வேண்டியது, விட்டுக் கொடுக்கலாகாதது, கடைசியாக இறங்கக்கூடிய இடம். அறிவுறுத்தல் இல்லாத மாதிரிப் பேச்சுவார்த்தை பட்டிமன்றமாகிவிடும். நம்மவர்களுக்குப் பட்டிமன்றம் கைவந்த கலை. எதிரியை மடக்கிக் கைதட்டு வாங்கத் தெரியும். இங்கே மடக்கப்பட்டவர் எழுந்து போய்விட்டால் தீர்மானமே இல்லை.

அடுத்த அறையில் இரண்டு பேரை ‘தலைநகர்’ என்று உட்கார வையுங்கள். அறிவுறுத்தலைத் தாண்டி எந்தச் சொல்லை ஏற்கவும் பிரதிநிதி அங்கே போய் அனுமதி வாங்க வேண்டும். தலைநகரில் இருக்கும் இருவருக்கும் வேறு வேறு நலன் கொடுங்கள்: ஒருவர் சுகாதாரம், மற்றவர் வணிகம். இருவரும் ஒப்புக்கொள்ளும்வரை அனுமதி இல்லை. சில நேரம் கதவைத் தட்டினாலும் திறக்க வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவையுங்கள். கோடையில் ஜெனீவாவில் நள்ளிரவு என்றால் தில்லியில் அதிகாலை மூன்றரை மணி. கேட்க ஆள் கிடைக்காத நேரத்துக்கு என்ன செய்வது என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் அப்போதுதான் வரும்.

தமிழ்க் குழுக்களில் ஒரு தனிச் சிக்கலைப் பார்க்கிறேன். வயதில் மூத்தவரை “அண்ணா”, “அக்கா” என்று அழைத்துப் பழகியவர்கள் மேசையில் அவர்களை மறுத்துப் பேசத் தயங்குகிறார்கள். மரியாதை நல்லதுதான், ஆனால் அந்தத் தயக்கம் அப்படியே பணியிடத்துக்கும் போகிறது. குழுவில் ஆக இளையவரைத் தலைவராக உட்கார வையுங்கள். மூத்தவருக்குச் சிறிய நாடு கொடுங்கள். எல்லோரும் நாட்டின் பெயரால் மட்டுமே பேச வேண்டும். “அண்ணா, நீங்கள் சொல்வது…” என்பதற்குப் பதில் “பூட்டான் சொன்ன திருத்தத்தை எங்களால் ஏற்க முடியவில்லை, காரணம்…” என்று சொல்லப் பழகினால் மறுப்பு ஆளின் மேல் விழாது.

பேச்சுவார்த்தையை ஆங்கிலத்தில் நடத்துங்கள், அங்கே அப்படித்தான் நடக்கும். முடிந்தபின் அலசலைத் தமிழில் வைத்துக்கொள்ளுங்கள். தன் நாட்டின் நிலைப்பாட்டைத் தாய்மொழியில் இரண்டு வாக்கியத்தில் சொல்ல முடியாதவர், ஆங்கிலத்தில் சொன்னதையும் புரியாமல்தான் சொல்லியிருப்பார்.

8. இரண்டு பக்கக் குறிப்பும் மூன்று நிமிட உரையும்

வேலையில் சேர்ந்த முதல் வாரமே உங்களிடம் கேட்கப்போவது குறிப்பு. இரண்டு பக்கம், மேலே முடிவு: எந்தப் பத்தியை ஏற்கலாம், எதைத் திருத்த வேண்டும், திருத்தத்தின் சரியான சொற்கள் என்ன. பின்னணி கடைசியில், ஐந்தாறு வரி. ஆய்வேடு எழுதிப் பழகியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். படிக்கும் அதிகாரி கூட்டத்துக்குப் போகும் வழியில் காரில் படிக்கிறார் என்பதை நினைவில் வையுங்கள்.

பேரவைக் குழுக்களில் உறுப்பு நாட்டுக்குப் பொதுவாக மூன்று நிமிடம்; பட்டியல் நீண்டால் இன்னும் குறைப்பார்கள். அரசு சாரா அமைப்புகளுக்கு ஒரு நிமிடம். உரை ஆறு மொழிகளில் உடனுக்குடன் பெயர்க்கப்படுவதால் விரைந்து படித்தால் பாதி யாருக்கும் போய்ச் சேராது. 330 சொற்களுக்கு மேல் போகாமல் எழுதி, கடிகாரம் வைத்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நன்றியுரைக்கு ஒரு வாக்கியம் போதும். இரண்டாவது வாக்கியத்திலேயே எந்தப் பத்தி பற்றிப் பேசுகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

9. இப்போது படிப்பைத் தேர்ந்தெடுங்கள்

இவ்வளவும் செய்தபின் உங்களுக்கு எது தெரியவில்லை என்பது உங்களுக்கே தெரியும். காப்புரிமை தெரியவில்லை என்றால் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் கல்விப் பிரிவு நடத்தும் இலவச அடிப்படைப் பாடம் போதும். விரிவான அடித்தளம் வேண்டும் என்றால் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சமூக மருத்துவ, சமுதாய நல மையம் இருக்கிறது. வேலையில் பல ஆண்டு ஆனவர்களுக்கு ஜெனீவாவின் பட்டமேற்படிப்பு நிறுவனம் சுகாதார ராஜதந்திரத்தில் குறுகிய பயிற்சிகள் நடத்துகிறது. கட்டணம் அதிகம் என்பதால் அலுவலகம் அனுப்பினால் போங்கள், கடன் வாங்கிப் போக வேண்டாம்.

10. எந்தக் கதவுகளைத் தட்டலாம்

காலம் எளிதாக இல்லை என்பதைத் தெரிந்துகொண்டே தட்டுங்கள். 2025 ஜனவரியில் அமெரிக்கா விலகுவதாக அறிவித்தபின் உலக சுகாதார நிறுவனம் வரவு செலவைச் சுருக்கி ஆட்களையும் குறைத்தது. ஜெனீவா பணியிடம் ஒன்றை மட்டும் குறிவைத்துக் காத்திருப்பது சரியான திட்டமல்ல.

மருத்துவர்களுக்கு நல்ல நுழைவாயில், இந்தியாவிலேயே போலியோ கண்காணிப்பிலிருந்து வளர்ந்த, உலக சுகாதார நிறுவனத்தின் களப்பணி வலைப்பின்னல். அங்கே கண்காணிப்பு மருத்துவ அலுவலராகச் சில ஆண்டு இருந்தவர்கள் பிறகு தேசிய, மண்டல அலுவலகங்களுக்குப் போகிறார்கள். வயது இடம் தந்தால் குடிமைப் பணித் தேர்வு வழியே வெளியுறவுப் பணி இருக்கிறது. பொதுப் பிரிவுக்கு வரம்பு 32. மருத்துவர்கள் ஒருங்கிணைந்த மருத்துவப் பணித் தேர்வு வழியே மத்திய சுகாதாரப் பணிக்குள் வரலாம். சட்டமும் பொருளாதாரமும் படித்தவர்கள் லோதி சாலைப் பக்கம் உள்ள ஆய்வு நிறுவனங்களிலும் மருந்து அணுகலுக்காக வேலை செய்யும் தன்னார்வ அமைப்புகளிலும் தொடங்கலாம். மருந்து உற்பத்தியாளர் சங்கங்களுக்கும் பேச்சுவார்த்தையைப் பின்தொடர ஆள் வேண்டும். எந்தப் பக்கம் உட்கார்கிறீர்கள் என்பதை மட்டும் தெளிவாக அறிந்து உட்காருங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் பயிற்சிப் பணிக்கு 20 வயது நிறைந்திருக்க வேண்டும். படித்துக்கொண்டிருக்க வேண்டும் அல்லது படிப்பு முடிந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தைக் கவனிக்காமல் தவறவிடுபவர்கள் நிறைய. 2020 முதல் உதவித்தொகையும் உண்டு.

ஐ.நா. அமைப்புகள் விண்ணப்பத்துக்கோ நேர்காணலுக்கோ பயிற்சிக்கோ எந்தக் கட்டத்திலும் பணம் வாங்குவதில்லை. “ஜெனீவா வேலை உறுதி, பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்” என்று வரும் மின்னஞ்சலை நம்பி ஊரில் பெற்றோரின் சேமிப்பை இழந்த குடும்பங்கள் இருக்கின்றன. வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

நேர்காணலுக்குச் சான்றிதழ்களோடு மூன்று தாள்களை எடுத்துச் செல்லுங்கள்: மூன்றாவது படியில் போட்ட அட்டவணையின் ஒரு பக்கம், ஐந்தாவது படியின் வரைபடம், எட்டாவது படியின் இரண்டு பக்கக் குறிப்புகளில் ஆகச் சிறந்தது. குறிப்பை அந்த மாதத்து நிலவரத்துக்கு ஏற்ப, நேர்காணலுக்கு முந்தைய இரவே புதுப்பித்துவிடுங்கள். கேள்விகள் பெரும்பாலும் அதிலிருந்துதான் வரும்.